கல்யாணக் கார்டில் நீ அடித்த வரி

தம்பி,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று மாலை டெலிபோனில் உன் குரலைக் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறாய். எனக்குத்தான் தலை கொதிக்கிறது. "அம்மா, இப்ப வேணாம் லா. கல்யாணம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போனை வைத்துவிட்டாய். திரும்ப எடுத்து உன்னை நாலு வாங்கு வாங்கலாம் என்று பார்த்தேன். "ஹோட்டல் ஆபரேட்டர் பொண்ணு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கும், சும்மா இரு" என்று அப்பா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். நீயோ ஹோட்டலிலேயே தங்கியிருக்கிறாய், நீ வீட்டுக்கு வரும்வரை எனக்குப் பொறுக்காது, அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டப் போவதில்லை. அப்பா வாசித்துவிட்டுத்தான் உன் கையில் கொண்டுவந்து தருவார். வழியில் வேறு யார் வாசித்தாலும் எனக்குக் கவலையில்லை. இந்த வீட்டில் ஒளித்து வைக்க ஆசைப்படுகிறவன் நீ ஒருவன்தான்.

நேற்று மத்தியானம் பினாங் ஸ்ட்ரீட் அச்சகத்துக்குப் போனேன். கார்டு ஒழுங்காக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான். நம் ஆட்களுடைய கல்யாணக் கார்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர் எவ்வளவு பெரிதோ, அதற்குக் கீழே படிப்பும் உத்தியோகமும் அவ்வளவு பெரிதாக நிற்கும். உன் பெரியப்பா மகன் கல்யாணத்தில், அவன் பாதியில் விட்ட படிப்பைக்கூடப் போட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தப் பினாங்குக்குக் கப்பலேறி வந்து மூன்று தலைமுறை ஆகியும் இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. நான் அதைக் கேலி செய்கிறவள்தான். ஆனாலும் உன் கார்டுக்கு மட்டும் நானே உட்கார்ந்து, அப்பாவோடு சண்டை போட்டு, ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். 'விஸ்கி நிபுணர், லண்டன் சான்றிதழ்' என்று. அப்பா ஆங்கிலத்தில் போடலாம் என்றார். யாருக்கும் புரியாமல் போவதற்கா என் பிள்ளை படித்தான் என்று கேட்டேன். தமிழில்தான் போட வேண்டும் என்று நின்றேன்.

அச்சகத்து அண்ணன் ப்ரூஃபை எடுத்து நீட்டினார். மாலதி பெயருக்குக் கீழே அவள் பட்டம் இருந்தது. உன் பெயருக்குக் கீழே வெறும் வெள்ளை. "அக்கா, தம்பி போன வாரமே வந்து அந்த லைனை அடிச்சிட்டுப் போயிட்டாரு. உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். வெளி மனிதர் முன்னால் உன்னைப் பொய்யனாக்க மனசு வரவில்லை, அதனால் நான் பொய் சொன்னேன். பார்த்தாயா, உன்னுடைய ஒரு பொய்க்கு எத்தனை பேர் தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று. வெளியே வந்து அந்த ஐந்தடி நடைபாதையில் நின்றபோது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் போகவில்லை.

நீ அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. ஹோட்டலில் உன்னை பாரில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது நான் குதித்த குதி இந்த ஆயர் ஈத்தாம் முழுக்கக் கேட்டது. ஆபீஸில் கணக்கெழுதிக் கிராணி வேலை பார்த்த குடும்பத்தில் சாராயம் ஊற்றிக் கொடுக்க ஒரு பிள்ளையா என்றேன். ஒரு மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயிலில் யாராவது கேட்டால் "ஸ்டோர் பக்கம்" என்று சொல்லி வைத்தேன். ஆமாம், சொன்னேன். இதைத்தான் நீ நேற்று போனில் குத்திக் காட்டினாய், "நீங்களே சொன்னதுதானே மா" என்று. நான் சொன்னதை நானே திருத்தியும் விட்டேனே, அது உன் கண்ணில் படவில்லையா?

உன் மேனேஜர் உன்னை அந்தப் படிப்புக்கு அனுப்புகிறேன் என்றதும் நீ முதலில் சொன்னது அப்பாவிடம். அப்பா பயந்து பயந்து என்னிடம் சொன்னார். குடிப்பதற்குக்கூடப் படிப்பா என்று நான் சிரித்தேன். பிறகு தபாலில் புத்தகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம். எந்தத் தண்ணீர், எந்தத் தானியம், எந்த மரத்துப் பீப்பாய், அதற்குள் முன்பு என்ன இருந்தது, எத்தனை வருஷம் கிடந்தது என்று நீ உருப்போட்டதைப் பார்த்தால், சீனியர் கேம்பிரிட்ஜுக்கு அப்பா படித்தது ஒன்றுமேயில்லை. பரீட்சையில் பெயர் ஒட்டாத கண்ணாடிக் கிளாஸ்களை வரிசையாக வைப்பார்கள், மூக்கால் பிடித்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்து, இது என்ன, எங்கே செய்தது, இதில் என்ன கோளாறு என்று எழுத வேண்டும் என்றாய். "எல்லாத்தையும் குடிச்சா எழுத முடியுமா?" என்று கேட்டேன். "குடிக்கக் கூடாது மா, துப்பணும்" என்றாய். நான் நம்பவில்லை. மறுநாள் என் கண்ணால் பார்த்தேன். ஒரு சொட்டுகூட தொண்டைக்குள் போகவில்லை. அன்றுதான் அலமாரிக்கு மேலே கிடந்த பித்தளைப் படிக்கத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து உனக்குக் கொடுத்தேன். வெற்றிலை துப்புவதற்கு வாங்கியது. அதில் நீ விஸ்கி துப்பினாய்.

காலையில் வெறும் வயிற்றில்தான் மூக்கு நன்றாக வேலை செய்யும் என்று, பொழுது விடிந்ததும் அப்பா ஊற்ற, நீ கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்க்க, வீடு அமளிப்படும். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "காலங்காத்தால அப்பனும் மகனும் தண்ணி போடுறாங்களா?" என்று என்னிடமே கேட்டாள். துப்புவதற்குத்தான் ஊற்றுகிறார்கள் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு ஒரு கிளாஸுக்கும் இன்னொரு கிளாஸுக்கும் வித்தியாசம் இன்றுவரை தெரியாது, எல்லாம் ஒரே நாற்றம். ஆனால் நீ மூக்கை விட்டு எடுத்து, கொஞ்சம் யோசித்து, சொல்லி, அப்பா பாட்டிலைத் திருப்பிப் பார்த்து "சரிதான்டா" என்று சொல்லும்போது, அடுப்படியில் நின்றபடி எனக்குப் பெருமையாக இருக்கும். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அடுப்பைத் தணிக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வேன்.

முதல் பரீட்சையில் நடந்த கூத்தை நீ என்னிடம் சொல்லவேயில்லை. லண்டன்காரர்கள் பரீட்சை வைக்கிற சிங்கப்பூருக்கு பஸ் ஏறுவதற்கு முன் உன்னைக் கோயிலுக்கு இழுத்துப் போய் அர்ச்சனை செய்தவள் நான். போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டையை முதல் நாளே சாமியறையில் மாட்டிச் சாம்பிராணி காட்டியவள் நான். பாக்கெட்டில் சந்தனமும் விபூதியும் மடித்து வைத்தவளும் நான்தான். எந்தத் தாயும் பிள்ளை பரீட்சைக்குப் போனால் இதைத்தான் செய்வாள். மூக்குக்குப் பரீட்சை என்பதை நான் யோசிக்கவில்லை. நீயும் யோசிக்கவில்லை, அதுதான் வேடிக்கை. பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே வளர்ந்தவனுக்கு அது வாசனையாகவே தெரியவில்லை. அங்கே கதவருகில் நின்ற வெள்ளைக்காரர் உன்னை நிறுத்தி, வாசனை பூசிக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்று விதி இருப்பது தெரியாதா என்று கேட்டாராம். நீ கழிவறைக்கு ஓடி நெற்றியைக் கழுவி, சட்டையை நனைத்து, ஈரத்தோடு உட்கார்ந்தாயாம். மூக்குக்கு முன்னால் எந்தக் கிளாஸைக் கொண்டுபோனாலும் சாம்பிராணிதான் வந்ததாம்.

வீட்டுக்கு வந்து என்ன சொன்னாய்? "கேள்வி கஷ்டம் மா." அவ்வளவுதான். நான் உனக்கு நிறைய கருவேப்பிலை போட்டு ரசம் வைத்துக் கொடுத்து, அடுத்த தடவை இன்னும் பெரிய அர்ச்சனையாகச் செய்யலாம் என்றேன். நீ தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டாய். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த உன் மேனேஜர், அந்தச் சீனர், முறுக்கைக் கடித்தபடி சிரித்துச் சிரித்துச் சொல்லவில்லையென்றால், இரண்டாம் தடவையும் உன்னைக் கோயில் தேர் மாதிரி அலங்கரித்து அனுப்பியிருப்பேன். அம்மா மனசு நோகக் கூடாது என்று மறைத்தாயாம். நல்ல மறைப்பு. உன் பொய்கள் எல்லாமே இப்படிப் பாசத்தில் பிறந்தவைதான், அதனால்தான் அவற்றைப் பிடித்து அடிக்கவும் முடிவதில்லை. கெட்டவன் சொல்லும் பொய்யை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். உன்னைப்போல் நல்லவன் சொல்லும் பொய்தான் வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு இந்த வீடு எப்படி மாறியது என்று நினைத்துப் பார். நாலு வீட்டுக்கு நாறுகிற அந்த இறால் பெலாச்சானை வறுப்பதை நிறுத்தினேன். நெத்திலி பொரிப்பது கிடையாது. தாளிப்பதென்றால் பின்பக்கம் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து வெளியில்தான். வெள்ளிக்கிழமைகூடச் சாம்பிராணி போடாமல், சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெறும் விளக்கை மட்டும் ஏற்றினேன். அப்பாவின் தலைக்குத் தடவும் தைலத்தை எடுத்து ஒளித்தேன், அதற்கு அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நீ பாஸ் செய்தாய். மலாய்க்காரர், சீனர், வெள்ளைக்காரர் என்று எல்லோரும் உட்கார்ந்த அறையில் என் பிள்ளை பாஸ் செய்தான். மறுநாளே கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். "என்ன விசேஷம்?" என்று கேட்டார்கள். "என் மகன் விஸ்கியில பாஸ் பண்ணிட்டான்" என்றேன். ஒருத்தி கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவதா வேண்டாமா என்று விழித்தாள். ஸ்டோர் என்று சொன்ன அதே வாயால், அதே இடத்தில், அதே பெண்களிடம் சொன்னேன். எனக்கு மட்டும் வெட்கம் கிடையாதா? இருந்தது. விழுங்கிக்கொண்டு சொன்னேன்.

இப்போது நீ அந்த வரியை அடித்திருக்கிறாய். கேட்டால், "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்லுவாங்க மா" என்கிறாய். அந்தப் பழமொழியைச் சொன்னவன் கல்யாணத் தரகனாகத்தான் இருக்க வேண்டும். அவனுக்கென்ன, பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். அந்த ஆயிரத்தில் ஒரு பொய்யோடு நான் குடித்தனம் நடத்தினேன், அது எப்படியிருக்கும் என்று என்னைக் கேள். உன் அப்பாவுக்கு இடது காது கேட்காது என்பதைக் கல்யாணத்துக்கு முன் யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெண் வீட்டார் பயந்துவிடுவார்களாம். மணவறையில் பெண்ணை எந்தப் பக்கம் உட்கார வைப்பார்கள்? இடது பக்கம். அன்றிலிருந்து நான் இடது பக்கமே உட்கார்ந்தேன், இடது பக்கமே நடந்தேன், இடது பக்கம் படுத்துக்கொண்டு என் மனசில் இருந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்றுக்கும் பதில் வராது. எவ்வளவு திமிர் பிடித்த மனுஷனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டேன் என்று அழுதிருக்கிறேன். அந்த மனுஷனோ, பெண்டாட்டி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாளே என்று ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார். விஷயம் வெளியே வந்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் கல்யாணமான புதிதில் பேச வேண்டிய பேச்சு எல்லாம் போயே போய்விட்டது. அதை யாரும் எங்களுக்குத் திருப்பித் தரவில்லை. காது கேட்காதது ஒரு குற்றமா? இல்லையே. சொல்லியிருந்தால் நான் வலது பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

அச்சகத்துக்குப் போவதற்கு முன், நேற்றுக் காலையில் நடந்ததை இப்போது சொல்கிறேன். போனில் இதை நான் சொல்லவில்லை, சொல்ல நீ இடம் கொடுக்கவும் இல்லை. மாலதி ஜுருவில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஃபெர்ரி பிடித்து வந்திருந்தாள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கூறைப் புடவை பார்க்கப் போனோம். கடைக்காரர் விரித்துக்கொண்டே போகிறார், இவள் எதையும் பார்க்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. "என்னம்மா, பிடிக்கலையா?" என்றேன். வெளியே போய்த் தேத்தண்ணி குடிக்கலாமா என்றாள். கடையில் உட்கார்ந்ததும் கையைப் பிசைந்தாள். "ஆன்ட்டி, கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்கு ஒன்னு சொல்லணும். எங்க அப்பா ஹார்ட் அட்டாக்ல போகல. குடிச்சுத்தான் போனாரு. அம்மா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ஆனா உங்க வீட்டுக்கு வரப்போறேன், பொய் சொல்லிட்டு வர எனக்கு முடியல" என்றாள். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லிவிட்டாளா என்று கேட்டேன். "அவருக்கு எப்பவோ சொல்லிட்டேன் ஆன்ட்டி. பரவாயில்லன்னுட்டாரு" என்றாள்.

பரவாயில்லை என்றாயாமே, மகராசா. எவ்வளவு பெரிய மனசு உனக்கு.

அதோடு அவள் நிறுத்தவில்லை. "அப்பா குடிச்சதுகூட எனக்குப் பெருசில்ல ஆன்ட்டி. ஒளிச்சு வச்சாரு பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. அரிசி ட்ரம்முல இருக்கும், ஸ்கூல் பேக்குல இருக்கும், தண்ணி டாங்கி பின்னால இருக்கும். நானும் அம்மாவும் தேடிக்கிட்டே இருப்போம். கண்டுபிடிச்சுக் கேட்டா, இது என்னதுன்னே தெரியாதுன்னு சாமி மேல சத்தியம் பண்ணுவாரு. அவரு முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கும், எது நிஜம்னே தெரியாது" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல வேளை, உங்க மகன் பர்ச்சேசிங்ல இருக்காரு. ஹோட்டல்தான், ஆனா லிக்கர் பக்கமே போறதில்லன்னு சொன்னாரு. அதான் ஆன்ட்டி நிம்மதி."

குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். அந்த இடத்திலேயே போட்டு உடைத்திருப்பேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், மூடி வைத்துப் பழக்கமில்லை. ஆனால் நான் சொன்னால் அது மாமியார்க்காரி சொன்ன உண்மையாக இருக்கும், நீ சொன்னதாக இராது. அவளுக்கு வேண்டியது உன் வாயிலிருந்து வருகிற உண்மை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பக் கடைக்குள் போய், அவளுக்குக் கூறை எடுத்துக் கொடுத்து, ஃபெர்ரி ஏற்றிவிட்டேன். அந்தப் பிள்ளை படகிலிருந்து கையை ஆட்டியது. அப்புறம்தான் அச்சகத்துக்குப் போய் உன் கைவரிசையைப் பார்த்தேன்.

உனக்குப் புரிகிறதா, நீ என்ன செய்திருக்கிறாய் என்று? அவளுடைய அப்பா போத்தலை ஒளித்தார், நீ உன் சான்றிதழையே ஒளிக்கிறாய். குடிக்காதவன் நீ. வாயில் வைத்ததையும் துப்புகிறவன் நீ. உள்ளதை உள்ளபடி சொன்னாலே தலை நிமிர்ந்து நிற்கலாம். அப்படிப்பட்டவன், கையில் மடியில் ஒன்றுமில்லாமலே திருடன் மாதிரி பதுங்குகிறாய். நாளைக்குக் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் உன் சட்டையில் அந்த நெடி அடிக்கும். அடிக்காமல் இருக்குமா? நாள் முழுக்க அதற்கு நடுவில் நிற்கிறாய். அவள் என்ன நினைப்பாள்? என் புருஷன் பார்க்கிற வேலை அப்படி என்று நினைப்பாளா? எழுந்து போய் அரிசி ட்ரம்மைத் திறந்து பார்ப்பாள். நீ எவ்வளவுதான் உண்மையைச் சொன்னாலும் அவள் காதில் அது அப்பாவின் சத்தியமாகத்தான் விழும். சின்ன வயசில் அந்த நரகத்திலிருந்து தப்பித்து வந்த பிள்ளையை, நீ கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே கூட்டிப் போகப் பார்க்கிறாய். இதற்குப் பெயர் அன்பா?

சொன்னால் போய்விடுவாள் என்கிறாய். போகலாம். அதை நான் மறுக்கவில்லை. போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை, ஏனென்றால் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உன்னைவிடப் பிடித்திருக்கிறது, இன்றைய தேதியில். தன் தகப்பனைப் பற்றி வெளியே சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்தாயா? அவள் அம்மா கட்டி வைத்த சத்தியத்தை மீறி, சம்மந்தம் முறிந்தாலும் முறியட்டும் என்று, தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சொன்னாள். அதைவிடச் சின்ன விஷயத்தைச் சொல்ல, மூன்று இனத்துக்காரர்கள் முன்னால் பரீட்சை எழுதிப் பாஸ் செய்த உனக்கு நாக்கு எழவில்லை. வெட்கமாக இல்லை?

இன்னொன்றும் சொல்கிறேன், இதில் என் சுயநலமும் இருக்கிறது. நீ அடித்தது உன் ஒருவன் உழைப்பை மட்டுமில்லை. காது கேட்காத மனுஷன் விடியற்காலையில் எழுந்து கை நடுங்காமல் ஊற்றிய ஊற்றலையும் அடித்தாய். இந்த வீட்டில் தாளிதம் இல்லாமல் சாப்பிட்ட சாப்பாட்டையும் அடித்தாய். நேற்று அந்த ப்ரூஃபை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றினார். "சரி, அவனுக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். என் கோபத்தை உன்னால் சமாளிக்க முடியும், சின்ன வயசிலிருந்தே பழக்கம். அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

உனக்கு அதிக நேரம் இல்லை. வருகிற திங்கட்கிழமை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன்னை உருக்கிவிட்டால் நம் வழக்கப்படி கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு மணவறை வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடக் கூடாது, பின்வாங்குவதென்றால் அந்தப் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். நீ அதைக் கணக்குப் போட்டுத்தான் "கல்யாணம் முடியட்டும்" என்றாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. அப்படியிருக்காது என்றுதான் நம்பப் பார்க்கிறேன். உருகிய பொன்னைத் திரும்பக் கட்டியாக்கலாம், ஏமாந்த பெண்ணை என்ன செய்வது? அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கும்போதே அவள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்து, யோசித்து, அப்படியும் அவள் சரி என்றால் அது கல்யாணம்.

பொன் உருக்குகிற ஆசாரியாருக்கு ஆள் அனுப்பித் திங்கட்கிழமையை நிறுத்திவிடலாமா என்று அப்பாவைக் கேட்டேன். அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடு என்றார். கொடுத்திருக்கிறேன். எப்படியென்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும், எனக்கு வந்ததில் பாதியாவது உனக்கும் வரட்டும்.

நீ போனை வைத்த பிறகு நான் மாலதிக்குப் போன் செய்தேன். நீ வேலை செய்கிற இடத்தைக் கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? "எத்தனை மணிக்கு ஆன்ட்டி, என்ன கட்டிக்கிட்டு வரணும்?" என்று கேட்டாள். சனிக்கிழமை மூன்று மணி என்றேன்.

ஃபெர்ரியில் வந்து, பஸ் பிடித்து, பத்து ஃபெரிங்கிக் கடற்கரை வரை அந்த வெயிலில் வருவாள். உங்கள் ஹோட்டல் வாசலில் காவல் நிற்கிற ஜாகாவிடம் உன் பெயரைச் சொல்லுவாள். எந்த டிபார்ட்மெண்ட் என்று அவன் கேட்பான். பர்ச்சேசிங் என்று அவள் சொன்னால், அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்றுதான் அவன் பதில் சொல்லுவான். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிற அந்தப் பிள்ளையின் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை காலையில் உன் கையில் இருக்கும். அவள் வீட்டு நம்பர் உன்னிடம் இருக்கிறது.

கோபம் தீராமலே முடிக்கிறேன்,
உன் அம்மா